கட்டிலடியில் ஒரு கிடங்கு

பேராண்டி, நீ கேட்டது நல்ல கேள்விதான். அமெரிக்காக்காரன் ஒருத்தன் கார் கொட்டகையில உட்கார்ந்து, சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டைத் துடைச்சு, அடிப்பொட்டை மாத்தி, மருந்தை அளந்து கொட்டி, மேல ஈயத்தை அமுக்கித் தானே தோட்டா செய்யிறான். அதை நீ கைப்பேசியில பார்த்துட்டு, "இங்க மலேசியாவுல மட்டும் ஏன் தாத்தா இவ்வளவு கெடுபிடி?"ன்னு வந்து நிக்கிற. தீபாவளிக்கு வாங்கின வெடி வேற பெட்டி பெட்டியா உன் கட்டிலடியில இருக்குன்னு உன் பாட்டி காதுல ஓதிட்டா. வா, உட்காரு. சிகரெட்டை மட்டும் வாசல்லயே அணைச்சிட்டு வா.

முதல்ல உன் இடத் தேர்வைப் பாராட்டணும். ஈப்போ புந்தோங்குல இதைவிடப் பொருத்தமான கிடங்கு கிடைக்காது. தலைமாட்டுல கைப்பேசி சார்ஜ் ஏறுது. சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படி, கேஸ் தோம்பு. சாமி அறையில பாட்டி ஏத்தின விளக்கு. பின்பக்கத்துச் சீனர் வீட்டுல ஏழாம் மாசம் பொறந்தா காகிதம் எரிப்பாங்க. இதுக்கு மேல பாதுகாப்பு வேணும்னா நீ அடுப்புக்குள்ளதான் வைக்கணும்.

வெடியோட வாழுறதை நாங்க ரப்பர் தோட்டத்துலயே பழகினவங்கடா. லயத்துல பத்து வீட்டுக்கும் ஒரே தகரக்கூரை. ஒரு வீட்டுல கருவாடு பொரிச்சா பத்து வீட்டுக்கும் பசிக்கும். விடியக்கருக்கல்ல பால் வெட்டப் போறவங்க நெத்தியில கார்பைட் விளக்குக் கட்டிக்குவாங்க. தண்ணி பட்டா அந்தக் கல்லுல இருந்து வாயு கிளம்பும், அதுதான் எரியும். பொடியன்க நாங்க அதுல துண்டு திருடி, பால் டின்னுல போட்டு வெடிச்சு, பெரிய கிராணியோட தூக்கத்தைக் கெடுப்போம். கம்பத்துப் பிள்ளைங்க நோன்புப் பெருநாளுக்கு மூங்கில்ல பீரங்கி செஞ்சு பதில் சொல்லுவாங்க.

எங்க அம்மா அந்தக் கார்பைட் டப்பாவை எங்க வச்சிருந்தா தெரியுமா? அடுப்புக்கும் எட்டாம, தண்ணித் தொட்டிக்கும் எட்டாம, என் கைக்கும் எட்டாம, மழைச் சாரல் படாத உத்தரத்துல. கையெழுத்துப் போடத் தெரியாதவ. பேராக்குல நான் பார்த்த முதல் வெடிமருந்து அதிகாரி அவதான். நீ பாலிடெக்னிக் படிச்சவன், கட்டிலடியில வச்சிருக்க.

சரி, தோட்டாவுக்கு வருவோம். இந்த நாட்டுல அது ஏன் விளையாட்டுச் சாமான் இல்லைன்னு தெரிஞ்சுக்க நீ ரொம்ப தூரம் போக வேண்டாம். இங்கிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில எல்பில் தோட்டத்துலயும் பக்கத்துத் தோட்டத்துலயும் மூணு வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்னாங்க. ரெண்டு நாளைக்குள்ள நாடு முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஜூலை ஆச்சு. அந்தக் காலத்துல பல இடத்துல முள்கம்பியும் ஊரடங்கும் அளந்து போட்ட அரிசியும்தான். உரிமம் இல்லாத துப்பாக்கி கையில இருந்தா மரண தண்டனை. சுட வேண்டாம், வச்சிருந்தாலே போதும்.

தொழிற்சங்கத் தலைவர் கணபதி பேரைக் கேட்டிருக்கியா? தஞ்சாவூர்ப் பக்கத்துல பொறந்து மலாயா முழுக்கத் தொழிலாளிக்காகப் பேசினவர். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வச்சிருந்தார்னு வழக்கு. இந்திய அரசாங்கம் பரிஞ்சு பேசிப் பார்த்துச்சு, நடக்கலை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில தூக்குல போட்டாங்க. அந்தத் தீர்ப்பு நியாயமான்னு கேட்டா, இல்லைன்னுதான் நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன். ஆனா அந்தப் பயத்துல பொறந்த கண்டிப்புத்தான் 1957 வெடிமருந்துச் சட்டமா, 1960 ஆயுதச் சட்டமா, 1971-ல தண்டனையைக் கூட்டின சட்டமா இன்னைக்கு வரைக்கும் நிக்குது. காட்டுப்பன்னி தொல்லைக்குத் துப்பாக்கி உரிமம் வாங்கின விவசாயிகூடத் தோட்டாவை உரிமக் கடையிலதான் வாங்கணும். வீட்டு மேசையில உருட்டினா அது பொழுதுபோக்கு இல்லை, ஆயுதச் சட்டத்துக் குற்றம். ஆசை விடலைன்னா தாராளமாச் செய்டா, போலீஸ் பாலாயில வந்து பார்க்கும்போது நான் நாசி லெமாக் வாங்கிட்டு வர்றேன்.

"அமெரிக்காவுல விடுறாங்களே"ங்கிற. விடுறாங்க, ஆனா அங்கயும் ஒரு கணக்கு இருக்கு. அவங்க தேசியத் தீத்தடுப்புச் சங்கம் எழுதின விதி என்ன சொல்லுது? துப்பாக்கிக்குப் போடுற புகையில்லா மருந்து வீட்டுல 20 பவுண்டு வரைக்கும் வைக்கலாம், அதுவும் வாங்கின டப்பாவுலயே. அதுக்கு மேல 50 பவுண்டு வரைக்கும்னா, ஒரு அங்குலக் கனத்துப் பலகையில செஞ்ச பெட்டியில வைக்கணும். இரும்புப் பெட்டின்னு ஏன் சொல்லலைன்னு யோசிச்சியா?

அங்கதான் உன் புத்திசாலித்தனம் இடறி விழுது. எங்க அப்பாவோட தகரப் பெட்டியைக் கேட்டியாமே, வெடியை உள்ள போட்டுப் பூட்ட? அந்தப் புகையில்லா மருந்து திறந்த இடத்துல பத்தினா சீறிக்கிட்டு எரியும், அவ்வளவுதான். இறுக்கி அடைச்ச இடத்துல பத்தினா அழுத்தம் ஏறி, அடைச்சதையே கிழிச்சு எறியும். அதனாலதான் சீக்கிரம் வழி விடுற பெட்டி கேட்கிறான். கருமருந்து இன்னும் கோபக்காரி, ஒரு பொறி போதும். பட்டாசு மருந்தும் அவளுக்குத் தங்கச்சிதான். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில அதுங்களை வச்சா, நீ பெட்டி வைக்கலை, குண்டு செஞ்சு வச்சிருக்க.

அமெரிக்காக்காரங்க சண்டையையும் கேளு. 2007-ல அந்த ஊர்த் தொழில் பாதுகாப்புத் துறை, வெடிமருந்து விதிகளைத் திருத்துறோம்னு ஒரு வரைவு விட்டுச்சு. தோட்டாவும் மருந்தும் விக்கிற கடைங்க இதைத் தாங்காதுன்னு வேட்டைக்காரனும் வியாபாரியும் சேர்ந்து கடிதமா எழுதித் தள்ளினாங்க. அந்த வருஷமே வரைவைப் பின்னுக்கு இழுத்துக்கிட்டாங்க. விதி பிடிக்கலைன்னா அவன் பேரு போட்டு மறுப்பு எழுதுறான். நாம என்ன செய்யிறோம்? காப்பிக் கடையில அரசாங்கத்தைத் திட்டிட்டு, பாசார் மாலாம் ராச்சந்தை இருட்டுல ஒரு பெட்டி வாங்கிட்டு வர்றோம்.

அரசாங்கத்தையும் நான் சும்மா விடப் போறதில்லை. பல வருஷமா ஒவ்வொரு பெருநாளுக்கும் போலீஸ் சொன்னது, "பொப் பொப், ஹேப்பி பூம் பட்டாசு மட்டும்தான் அனுமதி". சீனப் புத்தாண்டு ராத்திரி ஈப்போ வானத்தைப் பார்த்தவனுக்கு இதைச் சொல்லு, சிரிச்சே செத்துடுவான். வெடிச்சது ஊருக்கே தெரியுது. வெடிக்கிறதுக்கு முந்தி அது எங்க இருந்ததுன்னு மட்டும் எந்தத் துறைக்கும் தெரியலை. எங்க இருந்திருக்கும்? உன்னை மாதிரி ஆயிரம் பேரோட கட்டிலடியிலதான். தடை போட்டதால வாங்குறது நிக்கலை, ஒளிச்சு வைக்கத்தான் ஊரே கத்துக்கிச்சு.

ஒளிச்சு வைக்காம, ஊரறியத் தொழிற்சாலை நடத்தின இடத்துலயே என்ன ஆச்சுன்னு பாரு. 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவுல பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசு ஆலை வெடிச்சது. 26 பேர் செத்தாங்க, நூத்துக்கும் மேல காயம். ஆலையோட போகலை, சுத்துப்பட்டு வீடுகளையும் சேர்த்துப் பிச்சு எறிஞ்சது. அந்த வீட்டுக்காரங்க பட்டாசும் செய்யலை, லாபத்துல பங்கும் வாங்கலை. சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்பு மலை உடைக்கிறவனைக் கேளு. வெடிமருந்தை மனுஷன் குடியிருக்கிற இடத்துக்குத் தள்ளி, காவல் போட்டுத்தான் வைப்பான். அவனுக்கு அரசாங்கத்து மேல அன்பு இல்லை, மருந்து மேல மரியாதை.

அதனால என் தீர்ப்பைக் கேட்டுக்க. விதி வேணுமான்னு கேட்டா, வேணும். ஆனா "வைக்காதே"ன்னு மட்டும் சொல்லுற விதி பாதி விதி. எவ்வளவு, எதுல, எங்க வைக்கலாம், யார்கிட்ட வாங்கலாம்னு சொல்லணும். விக்கிற இடம் வீட்டு வரிசைக்கு வெளியில இருக்கணும். அந்த விதியைத் தமிழ்லயும் மலாய்லயும் சீனத்துலயும் ஒட்டணும். அப்பத்தான் எங்க அம்மா மாதிரி உத்தரத்தைத் தேடுறவங்களுக்கும் ஒரு வழி கிடைக்கும். சட்டமன்ற உறுப்பினருக்கு எழுது, நானும் கைநாட்டு வைக்கிறேன்.

அதுவரைக்கும் தோட்டா ஆசையை அந்தக் கைப்பேசியோட மூடி வை. கட்டிலடிப் பெட்டியை இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என்ன செய்யிறதுன்னு தீயணைப்பு பொம்பாகிட்டப் போன் போட்டுக் கேளு. திட்டுவாங்க, வாங்கிக்க. வீட்டுப் பத்திரம் உன் பேர்ல இருக்கலாம், ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குறவன்கிட்ட நீ அனுமதி கேட்கலை. மருந்துக்கு விதி போடுற முதல் உரிமை அவனோடது.