சாரலில் ஊறிய ஹாரிசன்

ஆனி பிறந்து, மேற்கு மலையில் மேகம் கவிந்து, தென்காசித் தெருக்களில் வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழத் தொடங்கிவிட்டால் ஊர் உலகமெல்லாம் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகக் குற்றாலத்துக்கு வரும். நாங்கள் ஹாரிசனோடு வந்தோம். மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே தோள்பட்டை வலிக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: டின்ஸ்லி ஹாரிசன் என்ற அமெரிக்க மருத்துவர் 1950-இல் தொடங்கிவைத்த பொது மருத்துவப் பாடநூல் அது, எங்கள் கையில் இருந்தது 1987-இல் வந்த பதினோராம் பதிப்பு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் வேலை முடிந்த கையோடு, பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போகிறோம் என்று அவரவர் வீட்டில் சொல்லிவிட்டு, மீட்டர் கேஜ் ரயிலில் அம்பாசமுத்திரம், கடையம் வழியாக ஆடி அசைந்து வந்து இறங்கினோம். தென்காசியில் அப்போது கோபுரம் முழுசாக இல்லை. பராக்கிரம பாண்டியன் எழுப்பியது எந்தக் காலத்திலோ சிதைந்து, பல தலைமுறைகளுக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்று, அந்த வருடங்களில்தான் மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1990-இல் குடமுழுக்கே ஆகிவிட்டது. எனக்கு சீட்டு கிடைத்தது அதற்கும் பிறகு. (கோபுரத்துக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதையும் பார்க்க வேண்டும்.)

திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்தில் நண்பனின் தாத்தா வீட்டு மச்சு எங்களுக்குக் கிடைத்தது. சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜ் வாடகையை விசாரிக்கிற துணிச்சல்கூட எங்களில் யாருக்கும் இல்லை. ஒருவன் உரக்கப் படிப்பான், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. கல்லீரல் அத்தியாயத்தில் தொடங்கினால் சிறுநீரகம் வருவதற்குள் கேட்கிறவர்கள் தூங்கியிருப்பார்கள், படிக்கிறவன் அதைக் கவனிக்காமல் இன்னும் இரண்டு பக்கம் போயிருப்பான். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல். அந்தச் சாரலில் ஹாரிசன் மெல்ல மெல்ல ஊறி, இதய நோய்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆவணி வாக்கில் புத்தகமே நீர் கோத்து வீங்கிவிட்டது. கணுக்காலை அமுக்கிப் பார்ப்பது மாதிரி அட்டையை விரலால் அமுக்கி, 'குழி விழுகிறது' என்று அறிவித்தோம்.

இரவு பேருந்துச் சத்தம் அடங்கியபின், நீர்வரத்து நன்றாக இருந்தால், பேரருவியின் இரைச்சல் மேலகரம் வரைக்கும் வருவதாகச் சாதித்தோம். இதயத்தில் கேட்கும் முணுமுணுப்பை ஆறு தரமாகப் பிரித்தவர் சாமுவேல் லெவைன், 1933-இல். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டாலும் கேட்கிற அளவுக்கு இருந்தால் அது ஆறாவது தரம். பேரருவி ஆறு, ஐந்தருவி ஐந்து, சிற்றருவி இரண்டு என்று நாங்கள் வகைப்படுத்தி வைத்திருந்தோம். கோடையில் வரும் கூட்டம் 'இந்த வருசம் தண்ணியே இல்லப்பா' என்று திரும்பும்போது, தரம் ஒன்று, பழகிய காதுக்கு மட்டுமே கேட்கும் என்போம். இப்படிப்பட்ட நகைச்சுவைக்கு நாங்களே சிரித்துக்கொண்டோம் என்பதிலிருந்து எத்தனை நாள் வேறு மனிதர்களைப் பார்க்காமல் இருந்தோம் என்று நீங்கள் ஊகிக்கலாம். நீங்களும் ஒரு வங்கித் தேர்வுக்கோ குரூப் டூவுக்கோ ஏதோ ஒரு மொட்டைமாடியில் கிடந்திருந்தால், ஊகிக்கவே வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வித்தையில் மேலே போவதற்காகத்தான் நோயாளிகளையெல்லாம் விட்டுவிட்டு மச்சில் ஏறி உட்கார்ந்திருந்தோம். அதற்கு முந்தைய வருடங்களில் எங்களுக்குப் பாடம் சொன்னதில் பாதி நோயாளிகள்தான். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுக்கு லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்று படுக்க வைப்பதற்காக ஊரிலிருந்து வரவழைக்கப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வாய்த்தவர் முக்கூடல் பக்கத்து அம்மா, பீடி சுற்றுகிறவர், இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர். நான் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கம்பீரமாக நெருங்கியபோது அவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்: "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கட்டா தம்பி? அந்தத் தட்டையை வைக்காதீங்க, குமிழைத் திருப்பி வைங்க. நான் மூச்சை வெளிய விட்டு நிறுத்துதேன், அப்பந்தான் கேக்கும். சின்னதுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சான்னு கேளுங்க, பெரிய டாக்டரு கேப்பாரு. வந்துச்சு." அதற்குமேல் சேர்க்க ஹாரிசனிடமே ஒன்றும் இல்லை. நான் மட்டும் அந்த நாளெல்லாம் என் காதின் கூர்மையைப் பற்றி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் தங்கை மகள் படிக்கிறாள். அதே மேலகரம் அல்ல. தென்காசியில் மூன்றாவது மாடி, காதில் கம்பியில்லாக் கருவி, கையில் டேப்லெட். விரிவுரையாளர் இரண்டு மடங்கு வேகத்தில், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசுகிறார். இதய முணுமுணுப்பையும் அந்த வேகத்தில் கேட்டால் நோயாளிக்குப் படபடப்பு என்றுதானே தோன்றும் என்றேன். "அதை மட்டும் நார்மல் ஸ்பீட்ல வைப்பேன் மாமா" என்றாள் பெருந்தன்மையாக. பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோக்காரர்கள் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிற ஊர் இது, இணையம் தடங்கலில்லை. தமிழ்நாட்டுக்கென்று இருந்த பி.ஜி. நுழைவுத் தேர்வும் போய்விட்டது; 2017 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நீட். மூன்றரை மணி நேரம், 200 கேள்வி, சரியானால் நான்கு, தப்பானால் ஒன்று போச்சு. 2023-இல் காலி இடங்களை நிரப்ப கட்-ஆஃப் பெர்சன்டைலை பூஜ்யத்துக்கு இறக்கி, மைனஸ் மார்க் வாங்கியவரையும் கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டார்கள். நனைந்த ஹாரிசனுக்காக நான் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தேன்.

2024-இல் அவள் எழுதவிருந்த தேர்வு ஜூன் 23, ஞாயிறு. ஹால் டிக்கெட், ஆதார், பழைய செருப்பு எல்லாம் எடுத்துவைத்து, சீக்கிரம் படுக்கச் சொல்லி வீடே கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்த சனிக்கிழமை இரவில்தான் தேர்வு தள்ளிவைக்கப்பட்ட செய்தி வந்தது. ஆகஸ்ட் 11-க்குப் போனது. அடுத்த வருடமும் ஜூன் 15 என்றது ஆகஸ்ட் 3 ஆயிற்று. என் தங்கை பொங்கித் தீர்த்தாள். எனக்கோ, குற்றாலச் சீசன் முழுவதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்களே என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சி. அதை வெளியே சொன்னால் அன்றிரவு சோறு கிடைத்திருக்காது. அருவிக்குப் போய்வரலாம் வா என்று மட்டும் மறுநாள் அழைத்துப் போனேன். எண்ணெய் தேய்த்துவிட்டு முதுகில் தபேலா வாசிக்கிறவர்களைத் தேடினேன். அருவியை மாசுபடுத்தக்கூடாதென்று எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை என்றார்கள். நியாயமான தடைதான். நியாயமான தடைகளால் எத்தனை சுகம் போய்விட்டது என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

இதைவிடக் கூச்சமான ஏக்கம் ஒன்றும் இருக்கிறது. நாங்கள் கண்விழித்து மனப்பாடம் செய்த நோய்களில் பல இப்போது கண்ணில் படுவதே இல்லை. போலியோ இல்லாத நாடு என்று இந்தியாவுக்கு 2014 மார்ச் 27-இல் சான்றிதழே வந்துவிட்டது. மறுவருடம், பச்சிளங்குழந்தைகளின் டெட்டனஸும் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். வாதக் காய்ச்சலில் வால்வு சுருங்கியவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களையும் நாம் காது வைக்கும் முன்பே எக்கோ பார்த்துவிடுகிறார்கள். குமிழைத் திருப்பி வைக்கச் சொல்ல ஆள் இல்லை. அந்த நோயெல்லாம் தொலைந்ததற்குத் தேங்காய் உடைக்க வேண்டியவன், கற்ற வித்தையைக் காட்ட ஆளில்லையே என்று பெருமூச்சு விடுகிறேன்.

போன சீசனில் ஒரு சாயங்காலம், அவள் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, டெட்டனஸ் கேஸ் நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா? எனக்கு வீடியோதான்" என்றாள். இதற்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். தனி வார்டு, கறுப்புத் திரை, மங்கலான விளக்கு, கதவு சற்று அறைந்தாலும் வலிப்பு வந்துவிடும் என்பதால் பாதம் ஊன்றாமல் நடக்கும் சிஸ்டர்கள், தாடை இறுகி உதடு மட்டும் சிரிக்கிற அந்தப் பயங்கரமான முகம் எல்லாம் சொன்னேன். வெளியே இரைந்துகொண்டிருந்த மோட்டாரைக்கூட நிறுத்தச் சொன்னேன், சூழ்நிலைக்காக. முதுகு எப்படி வில்லாக வளையும் என்று வாயால் சொன்னால் போதாதென்று தோன்றியது. கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையையும் குதிகாலையும் மட்டும் ஊன்றி, உடம்பை மேலே தூக்கினேன். பாதி வழியில் இடுப்பில் 'டக்' என்று ஒன்று பிடித்துக்கொண்டது. இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

அவள் பதறவில்லை. பக்கத்தில் வந்து, முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்தி, கால் விரலை அசைக்கச் சொல்லி, முழங்காலை நீட்டியபடி ஒரு காலை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் முறைப்படி, எங்கே கற்றாளோ.

"தசைப்பிடிப்புதான் மாமா, நரம்புல ஒண்ணுமில்ல. வெந்நீர் ஒத்தடம் குடுத்தாச் சரியாயிரும்" என்றவள், வாசல் வரை போய்த் திரும்பி, "ஆமா, டி.டி. ஊசி கடைசியா எப்பப் போட்டீங்க?" என்றாள்.