இன்னும் கொஞ்சம் மேலே

மதுரைக்காரர்கள் விவரமானவர்கள். வைகை அணையிலிருந்து குடித்துவந்த ஊர், மலையடிவாரத்து லோயர்கேம்ப்பிலேயே வாய் வைத்து உறிஞ்ச ஏற்பாடு செய்துகொண்டுவிட்டது. அம்ருத் திட்டம், அறிவித்தபோது 1,295 கோடி ரூபாய், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து இறங்கி, மின்சாரம் தந்து முடித்த கையோடு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் முகத்தில் விழிக்காமலே மதுரை போய்ச் சேரும்.

விவசாயிகள் எதிர்த்தார்கள். 14,707 ஏக்கர் இருபோகம் என்னாவது, வைகை அணையிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்றார்கள். நியாயமான கேள்வி. பொறியாளர்களிடம் காரணங்கள் இருக்கும். ஆனால் எனக்குத் தோன்றும் காரணத்தை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதாது: லோயர்கேம்ப்புக்குக் கீழே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று ஊர்கள் வரிசையாக ஆற்றை நோக்கி உட்கார்ந்திருக்கின்றன.

இந்த ஊர்களின் நகரமைப்பு ஞானம் எளிமையானது. குடிக்க எடுப்பது ஊருக்கு மேற்புறம், சாக்கடை விடுவது ஊருக்குக் கீழ்ப்புறம். கம்பத்துக்குக் கீழ்ப்புறம்தான் உத்தமபாளையத்துக்கு மேற்புறம் என்பது ஐந்தாம் வகுப்புப் பூகோளம். ஆனால் நகராட்சிகளுக்குப் பூகோளம் ஏது? வார்டு எல்லைதான் உண்டு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க வருகிற ஜனம் அந்த ஆற்றில்தான் முங்கி எழுகிறது. மேலே எத்தனை ஊர் கழுவிய தண்ணீர் இது என்று அம்மன் கேட்கமாட்டாள். கேட்பதற்கென்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அம்மனையே மிஞ்சிய பொறுமைசாலி.

தேனி-அல்லிநகரத்தில் 2011 கணக்குப்படி 94,453 பேர். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் சாக்கடை என்பது அரசே வைத்திருக்கும் அளவுகோல். பெருக்கிப் பாருங்கள், தினம் ஒரு கோடி லிட்டர். அதற்கப்புறம் தோப்பும் வயலும் மனையாகி, ஊருக்கு வெளியே எத்தனை ‘நகர்’கள் முளைத்தன என்பதற்குக் கணக்கில்லை. மனை விற்கிறவர் முப்பதடி ரோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம், நல்ல தண்ணி எல்லாம் சொல்வார். கழிவுநீர் எங்கே போகும் என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, அனுமதி கொடுக்கிறவரும் கேட்பதில்லை. ராஜவாய்க்காலையும் மீறுசமுத்திரம் கண்மாயையும் போய்ப் பார்த்தால் பதில் மூக்கிலேயே ஏறும்.

தேனி பின்தங்கிய மாவட்டம், செல்வாக்கு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை 1984இல் ஜெயிக்க வைத்தது இந்த மாவட்டத்து ஆண்டிபட்டி. ஜெயலலிதா 2002இல் சட்டசபைக்குத் திரும்பியது ஆண்டிபட்டி வழியாக. இந்த மண்ணின் ஓ.பன்னீர்செல்வம் மூன்று முறை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டை வரைக்கும் ஆள் அனுப்பத் தெரிந்த மண்ணுக்கு, கொல்லைப்புறக் கழிவை ஒழுங்கான இடத்துக்கு அனுப்பத் தெரியவில்லை.

நம்மையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கில் குமுளி எல்லை வரை நடந்தோம். 2014இல் அணையில் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பு வந்ததும் வெடி போட்டோம். அணை கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயர் சூட்டுகிறோம். அவ்வளவு பாடுபட்டு மீட்ட தண்ணீருக்குள் நம் வீட்டுக் கக்கூஸ் குழாயை விட்டபோது, ஒரு கால்கூட வாசற்படி தாண்டவில்லை.

“நிதி இல்லை, ஜனங்க காசு தரமாட்டாங்க” என்பது நகராட்சிகளின் தேசிய கீதம். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தேனி மாதிரி வீங்கிக்கொண்டிருந்த ஒரு நகராட்சிதான். 1996இல் தலைவரான ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டுக் கணக்குச் சொல்லிக் கேட்டார்கள். சனங்கள் கொடுத்தார்கள். மிச்சத்துக்குக் கடனும் மானியமும் வந்தன. குழாய் பதிந்தது, சுத்திகரிப்பு நிலையமும் ஓடியது. அங்கே மட்டும் சனங்கள் தங்கத்தில் வார்த்தவர்களா? கேட்க வந்த ஆளின் மேல் நம்பிக்கை இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே கேட்கக் கூச்சம். குடிநீர்த் திட்டமென்றால் குழாயைத் திறந்து, கையில் ஏந்திக் குடித்து, படம் பிடித்துக்கொள்ளலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் எதை ஏந்தி எதைக் குடிப்பது? கட்டி முடித்தாலும் மாதாமாதம் கரண்டு பில், மோட்டார் ரிப்பேர், ஆள் சம்பளம். கல்வெட்டில் பெயர் பொறித்தவர் அதற்குள் வேறு தொகுதிக்குப் போயிருப்பார். ஆக, செப்டிக் டேங்க் லாரி வாழ்க! ராத்திரியில் எந்த ஓடையில் திறந்துவிடுகிறது என்று கேட்காதவரைக்கும் அதுவே நம் மாஸ்டர் பிளான். பாதுகாப்பு இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. இறங்கிச் செத்தால் 30 லட்சம் கொடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் விலையை ஏற்றியிருக்கிறது. சாவுக்கு ரேட் நிர்ணயித்த நாட்டில் சாக்கடைக்கு மட்டும் பட்ஜெட் இல்லை.

மதுரை வழி காட்டிவிட்டது. இனி தேனியும் சின்னமனூருக்கு மேலே ஒரு குழாய் போடலாம். சின்னமனூர் உத்தமபாளையத்துக்கு மேலே, உத்தமபாளையம் கம்பத்துக்கு மேலே, கம்பம் கூடலூருக்கு மேலே. எல்லோரும் லோயர்கேம்ப்பில் குழாயோடு வரிசையில் நிற்கும்போது, எவனாவது ஒரு விவரமான கவுன்சிலர் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம் என்பான். மேலே குமுளி. அங்கே மட்டும் கக்கூஸ் இல்லையா?