செகரட்டரி சொன்ன குறுக்குவழி

எங்கள் அடுக்குமாடியில் 24 வீடுகள். வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி. நாலு வருடமாக அசோசியேஷனுக்கு நான்தான் செகரட்டரி. ஆசைப்பட்டு வந்த பதவி இல்லை. ஒரு பொதுக்குழுக் கூட்டத்தில் பழைய செகரட்டரி சுற்றுக்கு விட்ட கணக்கில் 'வறவு செலவு' என்று இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, இடையின 'ர'வா வல்லின 'ற'வா என்று பாடம் நடத்தினேன். "அப்ப இனிமே சாரே எழுதட்டுமே" என்றது ஒரு குரல். மற்றவர்கள் கை தட்டி முடித்துவிட்டார்கள். எழுத்துப்பிழை தெரிந்தவனுக்கு சம்ப் மோட்டாரும் தெரியும் என்று எதை வைத்து நம்பினார்களோ!

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுவது. 'இதனால் குடியிருப்போர் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்' என்று தொடங்கும்போதே முதுகு தானாக நிமிரும். ஆனால் அதிலும் ராசியில்லை. 'ஞாயிறு 14ஆம் தேதி சம்ப் கழுவப்படும்' என்று ஒட்டினேன். 14ஆம் தேதி சனிக்கிழமை. பாதிப் பேர் தேதியை நம்பினார்கள், பாதிப் பேர் கிழமையை நம்பினார்கள். சனிக்கிழமைக்குத் தண்ணீர் பிடித்து வைத்தவர்கள் தப்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தவர்கள் சோப்பு நுரையோடு பாத்ரூமில் நின்றார்கள்.

இப்படிப்பட்டவன் கையில்தான் மெட்ரோ வந்து மாட்டியது. இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். அதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போவதும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போவதும் எங்கள் பக்கத்தில்தான் சேர்கின்றன. கிட்டத்தட்ட 4 கிலோமீட்டருக்கு ஒரே தூணில் மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை. எங்கள் பார்க்கிங்கில் ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர், அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் நிறுத்துவதற்கே மூன்று கூட்டம் போட்டும் முடிவாகவில்லை என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்கிறேன்.

சாலை நடுவே பேரிகேட் போட்டார்கள். ஒரு வாரம் இந்தப் பக்கம் ஒன் வே, மறு வாரம் அந்தப் பக்கம். காலையில் போன வழி சாயங்காலம் இருக்காது. ஒரு நாள் பால் வாங்கப் போனவன், அம்பு காட்டிய பக்கமெல்லாம் பயபக்தியோடு திரும்பித் திரும்பி, கடைசியில் விருகம்பாக்கத்தில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். "தயிராவே வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றாள் மனைவி.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் என் கண்டுபிடிப்பு. பிள்ளையார் கோயில் தாண்டி முதல் சந்து, ரேஷன் கடை முக்கில் இடது, மாவு மில்லை ஒட்டித் திரும்பினால் நேராக எங்கள் தெரு. மெயின் ரோடே வேண்டாம். வாட்சைப் பார்த்தேன், 11 நிமிடம் மிச்சம்! அன்று ராத்திரி மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வரைபடம் போட்டேன். கோயிலுக்குக் கோபுரம், மாவு மில்லுக்குப் புகை எல்லாம் உண்டு. லிஃப்டில் ஒட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். 'சூப்பர் சார்', கட்டை விரல், கும்பிடு என்று வந்து குவிந்தது. நாலு வருடத்தில் முதல் பாராட்டு. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து எண்ணிப் பார்த்தேன். 17 கட்டை விரல்.

அஞ்சாம் நாள் காலை ஹாரன் சத்தத்தில் விழித்தேன். பால்கனியில் இருந்து பார்த்தால், எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ, ஸ்கூல் வேன், மீன்பாடி வண்டி. சைக்கிள் போனால் நாய் எழுந்து வழிவிடுகிற தெரு அது. நாயைக் காணவில்லை.

எட்டரைக்கு எங்களுக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி வந்தது. 12,000 லிட்டர். மாவு மில் திருப்பத்தில் முன்சக்கரம் திரும்பிவிட்டது, பின்பக்கம் திரும்பவில்லை. எதிரே ஸ்கூல் வேன், பின்னால் எட்டு ஆட்டோ. வாட்ச்மேன் லாரியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி, "வா வா வா… ஒடி ஒடி… நில்லு!" என்று கத்தினார். வால்வு வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டி சாவகாசமாகக் குடத்தைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்தார்.

டிரைவர் எட்டிப் பார்த்து, "யாரு சார் இந்த வழியக் கண்டுபுடிச்சது?" என்றார்.

"யாரோ வாட்ஸ்அப்புல போட்டிருக்காங்கப்பா" என்றேன்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். லிஃப்டில் அந்தப் படத்தை ஒட்ட ஸ்டூல் பிடித்தவர் அவர்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் அவருக்குச் சம்பள உயர்வு கேட்டு கமிட்டியில் முதலில் பேசியவன் நான். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். இந்த வழியை வெளியே பரப்பியது யார் என்று ஆளுக்கு ஆள் கொதித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கொதித்தது நான். "பொறுப்பில்லாதவங்க சார், தன் 11 நிமிஷத்துக்காக ஊரையே கூப்பிட்டு விட்டிருக்காங்க" என்றேன். 11 என்ற கணக்கை அதுவரை யாரும் சொல்லவில்லை என்பது வாயை மூடிய பிறகுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ட்ரெஷரர் போனை நீட்டினார். அவருடைய மைத்துனர் போரூரிலிருந்து அனுப்பியிருந்தாராம். 'பல முறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது' என்று மேலே இருந்தது. கீழே அதே கோபுரம், அதே புகை. என் கையெழுத்தை மட்டும் யாரோ நறுக்கியிருந்தார்கள். தெய்வம் காப்பாற்றியது என்று நினைத்தேன். போன் கை மாறி மூன்றாம் மாடி மாமியிடம் போனது. அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார்: "மாவு மில் பக்கத்தில் வளது புறம் திரும்பவும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செகரட்டரி சார், வலதுக்கு எந்த 'ல'?"

மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். அடுத்த செகரட்டரி யார் என்ற கேள்வி வந்ததும் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. அடுக்குமாடி வீடுகளுக்கென்று தமிழ்நாட்டில் 2022இல் ஒரு சட்டம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொண்டால் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம் என்கிறது. எங்கள் கேட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இதுவரை சேர்ந்ததில்லை. அன்று ஒரு தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது: தினமும் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை மாவு மில் முக்கில் செகரட்டரி விசிலோடு நிற்க வேண்டும்.

நின்றுகொண்டிருக்கிறேன். டிரைவர்கள் சிலர் இப்போது வணக்கம் வைக்கிறார்கள். மாமி நோட்டீஸ்களை ஒட்டும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறார். உங்களுக்கும் உங்கள் ஏரியாவில் ஒரு நல்ல குறுக்குவழி தெரிந்திருக்கலாம். தயவுசெய்து அதை மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லியே ஆகவேண்டும் என்றால், உங்கள் தெருவில் முடியாத வழியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.