குனிந்தெழுதியல்: பெண்கள் லாக்ராஸ் கிளப் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

லாக்ராஸ் கிளப் தேர்வு என்பது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில், சிறப்பாக மேரிலாந்திலும் லாங் ஐலண்டிலும், பள்ளிச் சிறுமியர் எண் போட்ட பனியன் அணிந்து கோடை வெயிலில் ஓடுவதும், அவர்தம் பெற்றோர் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் அமர்ந்து அந்த ஓட்டத்துக்குப் பொருள் காண்பதும் ஆகும். ஓடுவோர், குறிப்போர், பொருள் காண்போர் என இதில் மூவகையினர் உளர். மூன்றாம் வகையினரே எண்ணிக்கையில் மிகுதி.

வலை கட்டிய கோலால் பந்தை வாங்கி எறியும் இவ்வாட்டத்தின் தோற்றம் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. எனவே ஆய்வாளர்கள் அதில் ஆர்வம் காட்டுவதில்லை. வட அமெரிக்காவின் ஹோடனோசோனி முதலிய பூர்வகுடிகளுடையது அது. பெண்கள் ஆடத் தொடங்கியது 1890-இல், ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில். ரோசபெல் சின்க்ளேர் அதை 1926-இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 2004-இல் மேரிலாந்து அரசு லாக்ராஸைத் தன் அதிகாரபூர்வக் குழு விளையாட்டாக அறிவித்தது. அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ விளையாட்டு என்ற தகுதி 1962 முதல் குதிரையேறி ஈட்டி பிடிக்கும் ஆட்டத்துக்கு உரியது. பெற்றோர் எவரும் அதற்காக விடியற்காலையில் மகளை எழுப்பாதது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

இனி வகைமை. இங்கே சிறுமியர் வயதால் அறியப்படுவதில்லை. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஆண்டால் அறியப்படுகிறார்கள். பல்லுக்குக் கம்பி கட்டக்கூடப் பருவம் வராத ஒருத்தி ‘2034 அணி’யைச் சேர்ந்தவள். நூல்களின் காலத்தைப் பின்னோக்கித் தள்ளியே பழகிய நம் அறிஞர்களுக்கு, முன்னோக்கித் தள்ளும் இம்முறை சற்று நெருடலாம். காரணம் எளியது: கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆண்டுவாரியாகத்தான் ஆள் தேடுகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே வாய்மொழி வாக்குறுதி வாங்கும் அளவுக்கு இது முற்றியதால், 2017-இல் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. குறுக்கிட்டு, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் வீராங்கனையிடம் முதற்பிரிவுக் கல்லூரிகள் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று விதித்தது. கவலைப்படுவதற்கு அவ்விதியில் வயது வரம்பு இல்லை.

கருவிகளில் கோல் முதன்மையானது. பெண்கள் கோலின் வலை ஆழமற்றது. பந்தை வைத்துக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தால், சட்டத்துக்கு மேலே பந்தின் நெற்றி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடுவர் கோலை ஒதுக்கிவிடுவார். ஆகவே பந்து விழாதிருக்க, ஓடும்போது கோலை இடைவிடாமல் இருபுறமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்காப்பு கட்டாயம். வாய்க்காப்பும் கட்டாயம், அது வீட்டில் இருக்கும்.

தேர்வின் உறுப்புகள் பல. உருளும் பந்தைக் குனிந்து அள்ளுதல், ஓடியபடி வாங்கி எறிதல், ஒருத்திக்கு ஒருத்தி, மூவருக்கு இருவர், நடுவட்டத்தில் இரு கோல்களுக்கிடையே பந்தை வைத்து மேலே தூக்கிவிடும் தொடக்கம், கடைசியில் சிற்றாட்டம். இலக்குக் காப்பாளர்: வந்தாலே போதும்.

இவை யாவும் பாயிரமே. நூலின் உயிர்நிலை, கோட்டருகே பரீட்சை அட்டையுடன் நிற்கும் பயிற்சியாளர் திடீரெனக் குனிந்து ஏதோ எழுதுவது. அவ்வெழுத்துக்குக் கிடைத்த உரைகளை மங்கல மரபு, அமங்கல மரபு எனப் பிரிப்பர். மகள் பந்தை வாங்கியதும் குனிந்தார், ஆகவே நல்ல மதிப்பெண் என்பது மங்கல மரபு. அமங்கல மரபினர் ‘பிந்தெழுத்துக் கொள்கை’யை முன்வைப்பர். கண் கண்டதைக் கை எழுதச் சில நொடி ஆகும். எனவே குறிப்பு இப்போது வாங்கிய பந்துக்கு அன்று, முன்பு தவறவிட்ட பந்துக்கே. அந்தச் சில நொடி எத்தனை நொடி என்பதில் இம்மரபு இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவினர் இப்போது நாற்காலியை எதிர்ப்புறம் போடுகின்றனர்.

பாடபேதச் சிக்கல் வேறு. பனியன் பெரியவர் அளவு, சிறுமி சிறியவள். துணி இடுப்பில் மடிந்து 8 என்பது 3 ஆகும். தலைகீழாக அணிந்தாலன்றி 6 என்பது 9 ஆகாது என்பாரும், 16-க்குரிய புகழ் 61-க்குப் போய்விட்டது என்று நிறுவுவாரும் உளர். புள்ளியில்லாச் சுவடி படித்தவர்களுக்கு இவ்வேதனை புரியும்.

எழுத்தின் வடிவம் பற்றிய விவாதம் இன்னும் நுட்பமானது. பயிற்சியாளரின் மணிக்கட்டு இருமுறை அசைந்தது, ஆகவே ‘சரி’ அடையாளம் என்பது கிழக்கு நாற்காலி வரிசையின் துணிபு. இரண்டு அசைவு பெருக்கல் குறிக்கும் பொருந்தும் என்பது மேற்கு வரிசை. ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்று கண்டவர் அது வட்டம் என்றார். அவர் பிறகு பெட்டியின் மூடி உடைந்து இறங்கியதால் அவ்வுரை முற்றுப்பெறவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் வெளிவந்த மறுப்புரை, பொழுது விடியுமுன் வந்த மறுப்பின் மறுப்பு, இரண்டையும் படிக்காமலே இரண்டும் தவறென்று நிறுவிய ஒரு பாட்டியாரின் மூன்று குரல்பதிவுகள், அவற்றுக்கு அவர் மருமகன் வரைந்த மன்னிப்புரை என இவ்விலக்கியம் விரிகிறது. பேனாவில் மை வருகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருக்கலாம் என்றவரைக் குழுவிலிருந்து நீக்கினர்.

மூலத்தை எவரும் பார்த்ததில்லை. அதனால் உரைகளின் உறுதி குன்றவில்லை. தமிழ்த் துறைகளில் கருத்தரங்கு நடத்தியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சென்ற ஆண்டு அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், மீதி இடம் எத்தனை என்று ஓர் உரைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பல கிளப்புகளில் மீதி இடத்தை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். துறையே இல்லாமல் போகும்.

தேர்வு முடிந்து காரில் ஏறிய சிறுமியிடம், “கோச் என்னம்மா எழுதினாங்க?” என்று கேட்கப்படும். “பார்க்கலைப்பா. பசிக்குது” என்பாள். நேர்ச்சான்று என்பதால் ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

முடிவு மின்னஞ்சலில் வரும், பெரும்பாலும் இரவில். இரண்டாம் அணி என்ற தொடர் அதில் இராது. அணிகளுக்கு நிறங்களே பெயர். எந்த நிறம் உயர்ந்தது என்று கிளப் சொல்வதில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். இடம் கிடைத்தவர்கள் ஓரிரு நாளில் முன்பணம் கட்ட வேண்டும். சீருடை, போட்டிப் பயணம், விடுதி அறை பின்னால் வரும். கிடைக்காதவர்களுக்கு, போட்டி இம்முறை மிகக் கடுமையாக இருந்தது என்ற வாக்கியம் வரும். போட்டி கடுமையாக இல்லாத ஆண்டு எதுவும் இதுவரை பதிவாகவில்லை. அவர்களுக்கு அடுத்த வாரம் வேறொரு கிளப்பில் தேர்வு. பனியன் வேறு, எண் வேறு. தேர்வுக் கட்டணமும் தனி.