சிறுபொழுதும் டிகாக்‌ஷனும்: ஓய்வுநேரப் படைப்பாளி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கலை முதலில் வரையறுத்துவிடலாம். மாதச் சம்பளம், வீட்டுக் கடன் தவணை, பள்ளிக்கூட வயதில் இரண்டு பிள்ளைகள் எல்லாம் உள்ள ஒருவரிடம் பாதி எழுதிய நாவலோ, கல் பதிக்காத தஞ்சாவூர் ஓவியமோ, முதல் சரணத்தோடு நின்றுபோன பாட்டோ இருக்கிறது. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால், “நேரம் எங்க சார் இருக்கு?” என்கிறார். அவரைப் போலவே உத்தியோகமும் இரண்டு பிள்ளைகளும் உள்ள இன்னொருவர் 47 நாவல் எழுதிவிட்டுப் போய்ச் சேர்கிறார். இருவருக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரம்தான் அளக்கப்பட்டது. இரண்டாமவருக்கு மட்டும் மிச்சம் எங்கிருந்து வந்தது?

ஆய்வு எல்லை: முழுநேர எழுத்தாளர்கள், ஓய்வூதியர்கள், பூர்வீகச் சொத்துள்ளவர்கள் விலக்கப்பட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் விலக்கப்பட்டிருக்கிறது. அது ஓய்வு நாள் என்பதற்குக் குடும்பஸ்தர்களிடம் தகுந்த சான்று கிடைக்கவில்லை.

இப்பொருள் பற்றிய முன்னாய்வுகள் பெரும்பாலும் விமான நிலையப் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. ‘சீக்கிரம் எழுந்திரு’ என்று பாட்டி ஒரே அதட்டலில் சொன்னதை அவை முந்நூறு பக்கத்தில் சொல்கின்றன. தொல்காப்பியம் இவற்றைவிட உதவிகரமானது. நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு திணைக்கு ஒதுக்கி, அந்தத் திணைக்குரிய மனநிலையையும் உரிப்பொருளாகச் சேர்த்தே தந்துவிடுகிறது தமிழ் மரபு. சிறுபொழுது ஐந்தா ஆறா, விடியலைத் தனியாக எண்ணலாமா என்று உரைகாரர்களிடையே வழக்கு உண்டு. இக்கட்டுரை ஐந்து என்றே கொள்கிறது. விடியலில் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் மாட்டிப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டியிருப்பதால் அந்தப் பொழுதில் எவரும் எதையும் படைத்ததில்லை.

இனி வைகறை. மருதத்துக்குரிய பொழுது, உரிப்பொருள் ஊடல். கருப்பொருள்களைத் தற்காலத்துக்கேற்பத் திருத்தினால், புள்: காகம், பறை: பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், உணவு: காபி. இத்திணையின் தலைமகன் ஆந்தனி டிராலப். முதற்பத்தியில் சொன்ன, 47 நாவல் எழுதியவர் இவரே. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அஞ்சல் துறை அதிகாரி. தெருவோரத் தபால் பெட்டியை அங்கே கொண்டுவந்ததில் பெரும் பங்கு உடையவர். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். முந்தின நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்துப் பார்ப்பார். பிறகு கைக்கடிகாரமல்ல, சட்டைப்பையிலிருந்து எடுத்த கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதுவார். மூன்று மணி நேரம் ஆனதும் ஆபீசுக்குப் புறப்பட்டுவிடுவார். இதையெல்லாம் தம் சுயசரிதையில் கூச்சமில்லாமல் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1883-இல் அது வெளிவந்தபோது, கலை என்பது வானத்திலிருந்து இறங்குவது என்று நம்பியிருந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

முகம் சுளித்தவர்களும் பின்னாளில் அவரைப் பின்பற்றச் சொன்னவர்களும் அதே சுயசரிதையில் ஒரு வரவுசெலவுக் குறிப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். டிராலப்பைத் தினமும் எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுக்க ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். அந்த வேலைக்கென்று ஆண்டுக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். வால்தம் கிராஸ் வீட்டில் இருந்த அத்தனை ஆண்டுகளில் அந்த மனிதர் ஒருநாள்கூடக் காபியைத் தாமதமாகக் கொண்டுவரவில்லை என்றும், தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது என்றும் டிராலப் சொல்கிறார். ஐந்தரைக்கு ஒருவர் எழுத உட்கார வேண்டுமானால் ஐந்து மணிக்கு இன்னொருவர் அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். சீக்கிரம் எழுவதன் பெருமை முழுவதும் இரண்டாவதாக எழுந்தவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒப்பீட்டுக்கு அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் எடிட்டர் வேலை. கணவரைப் பிரிந்தபின் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தார். பிள்ளைகள் எழுமுன் எழுதப் பழகினார். முதல் நாவல் 1970-இல் வந்தது. இருட்டோடு எழுந்து, காபி போட்டு, அதைக் குடித்தபடியே வெளிச்சம் வருவதைப் பார்ப்பது தம் வழக்கம் என்று பிற்காலப் பேட்டியொன்றில் சொன்னார். காபியைப் போட்டதும் அவர்தான் என்பதை ஆய்வாளர்கள் அடிக்கோடிட வேண்டும். அதே வைகறை, அதே பானம். குதிரைக்காரர் மட்டும் இல்லை.

இச்சான்றுகளைத் தமிழ்ச் சமையலறையில் வைத்துச் சரிபார்க்கும்போதுதான் இக்கட்டுரையின் முதன்மைக் கண்டுபிடிப்பு வாய்க்கிறது. இங்கே காபி என்பது ஃபில்டர் காபி. மேல் டப்பாவில் தூளைப் போட்டு, குடையை வைத்து லேசாக அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டால், டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கச் சுமார் கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் தட்டினால் தண்ணீராக இறங்கும். அழுத்தி அடைத்தால் இறங்கவே இறங்காது. அதற்குள் பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் ஏற்றி, பொங்கிவிடாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கால் மணி டிராலப் அளவையில் 250 சொல். அடுப்படியில் நிற்பவர் தினம் 250 சொல் வீதம் ஆண்டுக்கு 91,250 சொல்லை இழக்கிறார். அது ஒரு நடுத்தர நாவல். 40 ஆண்டு தாம்பத்தியம் நடத்திய குடும்பத்தலைவி ஒருவர் வைகறைக் காபிக்காக மட்டும் 40 நாவல்களைக் கைவிட்டிருக்கிறார்; டிராலப்புக்கு ஏழு குறைவு. மாலைக் காபியையும் சேர்த்தால் அவர் முந்திவிடுவார். வைகறைக்கு ஊடலை வகுத்த முன்னோர் காரணம் தெரியாமல் வகுக்கவில்லை.

நண்பகலுக்கு வருவோம். பாலைத் திணை, உரிப்பொருள் பிரிதல்: உடல் அலுவலகத்தில், மனம் வேறிடத்தில். நியூ ஜெர்சியில் மருத்துவராக இருந்த வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே மருந்துச் சீட்டில் கவிதை எழுதியவர். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் 1912-இல் எழுத்தராகச் சேர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன், சரக்குக் கட்டி வந்த தாள்களில் கணக்குப் போட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தம் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுன்தான் என்று குறிப்பிட்டார். அரை நூற்றாண்டு இடைவெளியையும் விலைவாசியையும் கண்டுகொள்ளாமல் ஒப்பிட்டால், டிராலப் வீட்டுக் காபிக்காரரின் கூடுதல் படி ராமானுஜன் சம்பளத்தில் கால் பங்கு. ஆள் வைத்துக் காபி வாங்கும் வசதி அவருக்கு இல்லை. எழுதும் கை நிற்கக்கூடாது என்பதற்காகச் சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தது வீட்டுப் பெண்கள். அந்த உருண்டைகளுக்கு எந்தச் சூத்திரத்திலும் பெயர் இல்லை.

கனடாவின் ஆலிஸ் மன்ரோவுக்கு நண்பகல் என்பது குழந்தைகள் தூங்கும் நேரம். நாவலுக்கு நேரம் போதாததால்தான் சிறுகதை என்று அவரே சொல்லியிருக்கிறார். எழுதுவதற்கென்று தனியாக ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்கும் குடும்பப் பெண்ணைப் பற்றி அவருடைய கதை ஒன்று உண்டு. அறைக்குச் சொந்தக்காரர் வேளைக்கு ஒரு சாக்கோடு வந்து கதவைத் தட்டி அந்த நேரத்தையும் தின்றுவிடுவார். 1961-இல் வான்கூவர் நாளிதழ் ஒன்று, ‘சிறுகதை எழுத நேரம் கண்டுபிடிக்கும் இல்லத்தரசி’ என்ற பொருளில் மன்ரோவைப் பற்றிய செய்திக்குத் தலைப்புக் கொடுத்தது. 2013-இல் நோபல் வந்தது. ‘கவிதை எழுத நேரம் கண்டுபிடிக்கும் காப்பீட்டு அதிகாரி’ என்று அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸைப் பற்றி எந்தத் துணை ஆசிரியரும் தலைப்பு வைத்ததாக இதுவரை கண்ணில் படவில்லை.

ஸ்டீவன்ஸ் எற்பாட்டுக்கும் உரியவர். ஹார்ட்ஃபோர்டு நகரக் காப்பீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தும் கார் ஓட்டக் கற்கவில்லை. போகும்போதும் வரும்போதும் நடை, நடையில் கவிதை, ஆபீஸ் போனதும் அதை டைப் அடித்துத் தருவது செக்ரட்டரி. டிராலப்பும் பயண நேரத்தை விடவில்லை. ரயிலில் மடியில் வைத்து எழுத ஒரு பலகை செய்து வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதித் தள்ளினார். அந்தப் பென்சில் கிறுக்கலைப் பிறகு நல்ல படியாக எழுதியவர் அவருடைய மனைவி ரோஸ். இவர் பெயரில் 5 பவுன் எதுவும் அந்தச் சுயசரிதையில் பற்று எழுதப்படவில்லை.

சென்னையில் இதே முயற்சிக்குக் கம்பெனி பஸ் இருக்கிறது. சிறுசேரியிலிருந்து மாலையில் புறப்படும் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில் திரைக்கதைகள் பிறக்கின்றன. சோழிங்கநல்லூர் சிக்னலுக்குள் கதாநாயகன் அறிமுகமாகிவிடுவான். பிறகு போன் வருகிறது: வரும்போது கொத்தமல்லி, அரைக் கிலோ தக்காளி, பெரியவனுக்குச் சார்ட் பேப்பர். எற்பாட்டின் உரிப்பொருள் இரங்கல்.

மாலை, முல்லைக்குரியது, காத்திருத்தல். பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடிக்கட்டும், சீரியல் முடியட்டும், பாத்திரம் கழுவி ஆகட்டும். இப்பொழுதில் முடிந்த படைப்பு எதுவும் ஆய்வுக்குக் கிடைக்காததால் மேலே செல்லலாம்.

எஞ்சியது யாமம். காஃப்கா இதன் தலைமகன். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவன வேலை காலை எட்டிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. நம் ஊர் ஆட்கள் கேட்டால் பெருமூச்சு விடும் நேரம் அது. 1912 நவம்பரில் காதலி ஃபெலிஸுக்கு அவர் தம் அட்டவணையை எழுதி அனுப்பினார்: சாப்பாடு, ஏழரை வரை தூக்கம், திறந்த ஜன்னலருகே பத்து நிமிட உடற்பயிற்சி, ஒரு மணி நேர நடை, குடும்பத்தோடு இரவுணவு, பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ எழுத்து, பின்னிரவு வரை. அந்தச் செப்டம்பரில் ஒரே இரவில், பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்குள் ஒரு முழுக் கதையை முடித்திருந்தார். பகலில் ஏன் எழுதவில்லை என்பதற்கும் சான்று வைத்திருக்கிறார்: அப்பா அங்கியை இழுத்தபடி இவர் அறை வழியாகவே நடக்கிறார்; அப்பாவின் தொப்பியைத் துடைத்தாயிற்றா என்று தங்கை கூடத்திலிருந்து கத்துகிறாள். கூட்டுக் குடும்பத்தில் தேர்வுக்குப் படித்த எவருக்கும் இதற்கு உரை வேண்டாம். பிறகு 1916-இல் கடைசித் தங்கை ஓட்லா பிராக் கோட்டைக்குள் இருந்த சந்தில் குட்டி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். அந்தக் குளிர்காலத்தில் அண்ணன் அங்கே உட்கார்ந்து எழுதினார்.

துவரங்குறிச்சியில் சல்மாவுக்குக் கோட்டைச் சந்து வாய்க்கவில்லை. பருவமெய்தியதும் பள்ளி நின்றது. திருமணத்துக்குப் பின் எழுதவும் தடை. வீடு உறங்கியபின் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கிடைத்த தாளில், நின்றபடியே எழுதினார். எழுதியதை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய தாய். 2004-இல் வந்த அவருடைய நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ தலைப்பிலேயே தன் சிறுபொழுதை அறிவித்துவிட்டது.

இவ்வளவும் தனித்தனிச் சான்றுகள்தானே, பொதுவிதி எங்கே என்று புறநிலைத் தேர்வாளர் கேட்பார். அவருக்காக அரசுப் புள்ளிவிவரம் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபட்ட ஆண், 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். டிராலப்பின் மொத்த எழுத்து நேரம் 180. அதாவது 47 நாவலுக்குரிய நேரம் ஒவ்வொரு வீட்டிலும் பத்திரமாக இருக்கிறது, 22 நிமிட உபரியோடு. அந்த உபரியில் டிகாக்‌ஷனும் இறங்கிவிடும். நேரம் காணாமல் போகவில்லை; யார் கணக்கில் எழுதியிருக்கிறது என்பதுதான் வேறு.

ஆய்வேட்டு மரபுப்படி, மேலும் ஆராயத்தக்க களங்கள் சில. ‘மாமியாரும் மருமகளும் கவிஞராயுள்ள வீட்டில் அடுப்புரிமை’ முனைவர் பட்ட அளவுக்கு விரியக்கூடியது. ‘பரண்மேல் வீணைகள்: திருமணத்துக்கு முன்னும் பின்னும்’ என்பதற்குக் களப்பணி எளிது, எந்தத் தெருவிலும் நாலு வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் போதும், தும்மலுக்கு மட்டும் கைக்குட்டை தேவைப்படும். மூன்றாவது, செயல்முறை ஆய்வு: ‘நாவல் எழுதும் கணவர்களுக்கு ஃபில்டர் பயிற்சி’. தேவையான பொருட்கள்: பித்தளை ஃபில்டர் ஒன்று, சிக்கரி கலந்த பீபெரித் தூள் நூறு கிராம், கணவர் ஒருவர். முதல் இரண்டும் கடையில் கிடைக்கின்றன. மூன்றாவதற்கான ஒப்புதல் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.