வாங்கலாம், திருத்தலாம், விற்கேலாது

யாழ்ப்பாணத்தின் முதல் காணிக் கைமாற்றமே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. ‘யாழ்ப்பாண வைபவமாலை’ சொல்லும் கதைப்படி, கண்பார்வையற்ற யாழ்பாடி ஒருவர் சபையில் வாசிக்க, மன்னன் மனமுருகி மணற்றிடரைப் பரிசாகக் கொடுத்தான். இசைக்குக் கிடைத்த மரியாதை என்று இதை ஊரே கொண்டாடுகிறது. ஒரு காணித் தரகரிடம் கேட்டுப் பாருங்கள். மேலே மணல், கீழே சுண்ணாம்புக்கல், வருடம் முழுக்க ஓடும் ஆறு மருந்துக்கும் கிடையாது. விலைபோகாத துண்டை, இடம் பார்க்க இயலாத ஒருவரின் தலையில் கட்டிவிட்டு வள்ளல் என்ற பெயரும் எடுத்த மன்னனின் கெட்டித்தனம் அவருக்குச் சட்டென விளங்கும். பாணரும் லேசுப்பட்டவரில்லை. அக்கரையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றி, மணலை ஊராக்கிவிட்டார்.

1619இல் வந்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா, வாங்குவது என்ற சடங்கையே விட்டுவிட்டார். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார். அந்தக் கல் கோட்டை கட்டப் போனது என்பார்கள். கட்டடச் சாமான் செலவு பூச்சியம். இன்றைய கோயில் குருக்கள் வளவில் எழுந்தது 1734இல். நூறு வருடத்துக்கு மேல் முருகன் பொறுத்திருக்கிறார். சூரனுக்கே இவ்வளவு தவணை கொடுக்கவில்லை.

வீட்டைப் பிடித்துத் திருத்துகிற தொழிலை ஒழுங்காகத் தொடங்கியவர்கள் என்றால் ஒல்லாந்தர்தான். 1658இல் மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நாற்கோணம், பிடிக்கவில்லை. தட்டிவிட்டு ஐங்கோணமாகக் கட்டினார்கள். முருகைக்கல் வந்தது, அகழி வந்தது. 1680 அளவில் பிரதான வேலை முடிந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். எந்தக் காலத்து மேசன் வீட்டுக்காரரை அப்படி நிறுத்த விட்டிருக்கிறான்? “ஐயா, வெளியாலையும் ஒரு மதில் எடுத்தால் வடிவாயிருக்கும்” என்று ஒருவன் சொல்லியிருப்பான். 1706இல் உள்ளே சிலுவை வடிவில் ஒரு தேவாலயம். வெளி அரண்கள் முடிந்தது 1792இல். 1795 செப்டெம்பரில் ஆங்கிலேயர் வந்து வாசலில் நிற்க, சண்டையில்லாமல் திறப்பை நீட்டினார்கள். திருத்த வேலை 134 வருடம், முடித்த வீட்டில் இருந்தது 3 வருடம், கைக்கு வந்த காசு ஒரு சதமுமில்லை. கோட்டை கட்டிக் கோட்டை விட்டவர்கள் என்றால் இவர்கள்தான்.

கதை அதோடும் முடியவில்லை. 1990 யுத்தத்தில் சிதைந்த அந்தக் கோட்டையை யுத்தத்துக்குப் பிறகு தொல்லியல் திணைக்களம் திருத்தியபோது, நெதர்லாந்து அரசும் காசு கொடுத்தது. பறிகொடுத்த வீட்டுக்கு இருநூறு வருடம் கழித்து வந்து பூச்சுவேலைக்குக் காசு கட்டும் பழைய சொந்தக்காரரை வேறெந்த ஊரில் பார்க்கலாம்?

தாங்கள் விற்றுப் பிழைக்காத ஒல்லாந்தர், எங்களையும் விற்கவிடாமல் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுதி முடித்தார். 12 முதலிமார் வாசித்து, சரி என்றார்கள். சொத்து அதில் மூன்று வகை: முதுசொம், சீதனம், தேடியதேட்டம். விற்கப்போனால் முதல் உரிமை இனசனத்துக்கும் பங்காளிக்கும், காணியை ஈடாக வைத்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும். விற்பனையை மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிக்கவும் வேண்டியிருந்தது. முதல் ஞாயிறு மச்சான் முறைப்பான். இரண்டாம் ஞாயிறு குஞ்சியப்பு கதையை நிறுத்துவார். மூன்றாம் ஞாயிறு வருவதற்குள் விற்கிற எண்ணமே செத்துவிடும். ஆங்கிலேயர் 1806இல் இதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். 1947இல் வந்த சட்டம் பக்கத்துக் காணிக்காரரை மட்டும் கழற்றிவிட்டது.

அவர் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அவரிடம் வேலி இருந்தது. யாழ்ப்பாணத்தில் காணி முதலீட்டைத் தொடங்கச் செலவில்லாத வழி, வேலியடைக்கும்போது கதியாலை ஒரு சாண் தள்ளி நடுவது.

“அண்ணை, கதியால் இஞ்சாலை வந்திட்டுது.”

“அது பூவரசல்லோ தம்பி. உயிருள்ள மரம், வளருது.”

10 பேர்ச் கொண்டது ஒரு பரப்பு. அதில் கால் பேர்ச்சுக்காகத் தகப்பன் போட்ட வழக்கை மகன் நடத்துவான். பழைய உறுதிகளில் நிலத்தை இத்தனை லாச்சம் வரகு என்று எழுதியிருப்பார்கள். அந்த வரகை இன்று சீனி வருத்தக்காரர் விலை கொடுத்து வாங்குகிறார்கள்; நிலத்தைப் பற்றித்தான் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஒரு பரப்பும் வாங்காமல் காணியால் கல்வீடு கட்டியவர்கள் அப்புக்காத்துமார்.

1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் புத்திசாலிகள். வட்டுக்கோட்டையில் கூரையில்லாமல் கிடந்த பழைய தேவாலயத்தைப் பெற்றுத் திருத்தினார்கள், விற்கவில்லை, படிப்பித்தார்கள். சனம் இங்கிலீசு படித்து, கிளாக்கராகி, மலாயா ரயில்வேக்குக் கப்பலேறியது. பென்சனோடு திரும்பியவர் ஊரில் கல்வீடு கட்டினார். வாங்கினார், திருத்தினார், கைமாற்றவும் செய்தார், மாப்பிள்ளைக்கு. வாங்குகிறவனுக்கு வீட்டையும் கொடுத்து, மேலே டொனேசனும் கொடுக்கிற வியாபாரம் எந்த முதலீட்டுப் புத்தகத்திலும் இருக்காது. நாலு பெண் பிள்ளைகள் என்றால் நாலு தரம்.

பிறகு யுத்தம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, பலரின் பையில் உடுப்பைவிட உறுதிக்குத்தான் முதல் இடம். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கின. பரப்பு விலையும் கூடவே ஏறியது.

இன்று ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி வருகிறார். பழைய நாற்சார் வீட்டை வாங்கி, ஓடு மாற்றி, குளியலறை போட்டு, ஆறு மாதத்தில் விற்பது திட்டம். டிவியில் பார்த்திருக்கிறார். நொத்தாரிசு உறுதியை விரிக்கிறார்: பிரிக்கப்படாத பங்கு, உரித்தாளிகள் லண்டனில், லா சப்பலில், கொழும்பில். கிணற்றில் ஆறில் ஒரு பங்கு. ஒழுங்கையில் வழிவாய்க்கால் உரித்து. ஒருவரின் கையெழுத்துக்காக இன்னொருவரோடு பத்து வருடமாகப் பேச்சில்லை. எல்லாம் சரிவந்தாலும் வீட்டுக்குள் காவலுக்கு விட்ட ஆச்சி இருக்கிறா. 10 வருட ஆட்சி இருந்தால் உரித்துக் கேட்கலாம் என்று அவவுக்கும் தெரியும். யுத்தகாலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் இடம்பெயர்ந்தவருக்கு உதவ 2016இல் வந்த சட்டமும் தெரியும்.

“திருத்து ராசா, வடிவாத் திருத்து,” என்கிறா ஆச்சி. “குசினி ஓடும் ஒழுகுது, அதையும் பார். நான் எழும்பமாட்டன்.”