முதுகைக் காட்டி உட்கார்ந்த எட்டுப் பேர்

மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி ஸ்டாப்வாட்ச். முதல்நிலைத் தேர்வின் ரீசனிங் பகுதியில் 35 கேள்விகளுக்கு 20 நிமிடம். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு 34 நொடிதான் தேறும். தப்பாகப் போட்டால் அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் கால் பங்கு காலி. நான் செல்போனை அமுக்குவேன், அவள் படம் போடுவாள். ஊடே கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆயும் என் அம்மாவுக்குக் கேள்வியைத் தமிழில் சொல்வதும் என் வேலை. சொல்லாவிட்டால் விட மாட்டார்.

அன்றைக்கு வட்ட மேசை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ-க்கு இடப்பக்கம் மூன்றாவது ஆள் டி. டி-க்குப் பக்கத்தில் எஃப் இல்லை. சிலர் மேசையைப் பார்த்தும், சிலர் மேசைக்கு முதுகைக் காட்டியும் இருக்கிறார்கள்.

"முதுகக் காட்டி உக்காந்தவுங்க பங்காளிகளா?" என்றார் அம்மா.

"அதெல்லாம் கேள்வியில இல்ல அப்பத்தா."

"சொத்துத் தகராறு எதுவும் சொல்லலையா? அது தெரியாம எப்பிடித்தா உக்கார வப்ப?"

நான் அம்மா கட்சி. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் எட்டுப் பேரை உட்கார வைக்க இடம் வலம் தெரிந்து பிரயோஜனமில்லை. யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரிய வேண்டும். மகள் மூன்று வட்டம் போட்டு அழித்துக்கொண்டிருந்தபோது அம்மா தன் விடையைச் சொன்னார்: "அந்த எஃப்ப எந்திரிச்சு அடுத்த பந்திக்கு வரச் சொல்லு." கொடுத்திருந்த விருப்பங்கள் எதிலும் அது இல்லை.

அடுத்து சிலாஜிசம். சில பூனைகள் நாற்காலிகள். எல்லா நாற்காலிகளும் ஆறுகள். ஆக, சில பூனைகள் ஆறுகள். இது சரியான விடை, சத்தியமாக. அம்மா மறுக்கவில்லை. "வைகையில பூனையாச்சும் ஓடட்டும்" என்று கீரைக்குத் திரும்பிவிட்டார்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கும் அவள் எழுதப்போகிறாள். அங்கே 200 கேள்வியில் 25 தான் இந்த வகையறா. தப்புக்கு மார்க் குறைப்பதும் இல்லை. ஆனால் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: விடை தெரியவில்லை. தெரியாவிட்டால் அதைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். எங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் அந்த வட்டத்தின் பக்கமே போகாத பரம்பரை. வழி கேட்டு வந்தவரைத் தெரியாது என்று சொல்லாமல் திருமங்கலம் வரைக்கும் அனுப்பிவைத்திருக்கிறோம்.

உண்மையான சிக்கல் ரத்த உறவில் வந்தது.

"ஏ-யின் தந்தையின் சகோதரி பி. ஏ-யின் தாயைப் பெற்றவர் சி. சி-க்கு பி என்ன உறவு?"

மகள் பேனாவை வைத்துவிட்டாள். காரணம் இருக்கிறது. நான் கட்டியிருப்பது என் அக்கா மகளை. அதனால் மகளுக்கு என் அக்கா அத்தையும்தான், அம்மாச்சியும்தான். அதாவது பி-யும் அவரே, சி-யும் அவரே. கீரை ஆய்கிறவர் ஒரு கோட்டில் அப்பத்தா, இன்னொரு கோட்டில் பூட்டி. அவள் போட்ட வம்சப்படத்தில் கோடுகள் கீழே இறங்கி, பக்கவாட்டில் நடந்து, மறுபடி மேலே ஏறி, கோலம்போல முடிந்துகொண்டன. 34 நொடி எப்போதோ போய்விட்டது.

விடைப் பக்கத்தைப் புரட்டினேன். 'மருமகனின் சகோதரி' என்று போட்டிருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நான்தான் மெதுவாகக் கூட்டிப் பார்த்தேன். அக்காவின் மருமகன் நான். என் சகோதரி அக்கா. ஆகவே அக்கா, தன் மருமகனுக்குச் சகோதரி. சரியாகத்தான் வருகிறது! புத்தகம் போட்டவருக்கு ஒரு ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சங்கதியை வைத்துக்கொண்டு அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "ஏடி, நீ ஒனக்கே சம்பந்தகாரியாம்டி, பரிச்சையில கேட்டுருக்கான்" என்றார்.

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது. "அது கெடக்கட்டும்த்தா. ஞாயித்துக்கெழம வர்றேன்னானே, தம்பியா வர்றானா, மருமகனா வர்றானான்னு கேட்டுச் சொல்லு. தம்பின்னா ரசம் போதும். மருமகன்னா கோழி அடிக்கணும்."